உகாண்டாவில் பெற்றோரை இழந்த பிள்ளையைப் படிக்க வைப்பது: பணம் எப்போது, யாரிடம், எதற்கு

உகாண்டாவில் பள்ளி ஆண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்குகிறது. வெளிநாட்டில் திரட்டிய நன்கொடை மார்ச்சில் போய்ச் சேர்ந்தால், கட்டணம் கட்டாத பிள்ளையை அதற்குள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஒரு மாதப் பாடம் போயிருக்கும். வயல் வேலையிலோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதிலோ பிள்ளை இறங்கியிருக்கும். அதன்பிறகு பணம் வந்தாலும் பள்ளிக்குத் திரும்புவது எளிதல்ல. உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் எவ்வளவு தருவது என்றே யோசிக்கிறார்கள். எந்த வாரம் பணம் போகிறது, யார் கைக்குப் போகிறது, எத்தனை ஆண்டுக்கு உறுதி என்ற மூன்றும் ஒழுங்காக இல்லாவிட்டால் பெரிய தொகையும் பாதியில் கரைந்துவிடும்.

ஐந்து பிள்ளைகளிலிருந்து முப்பது பிள்ளைகள் வரை பொறுப்பேற்கும் குடும்பங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் சிறிய சங்கங்களுக்கும் இந்தக் குறிப்புகள் உதவும்.

பிள்ளை யார் வீட்டில் வளர்கிறது?

தாய், தந்தை இருவரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த, 18 வயது நிரம்பாதவர்களை யுனிசெஃப் ‘அநாதை’ என்ற கணக்கில் சேர்க்கிறது. அதனால் ‘அநாதை’ என்று எண்ணப்படும் பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். இருவரும் இல்லாதவர்களும் பெரும்பாலும் உறவினர் வீட்டில்தான் வளர்கிறார்கள். 1980-களிலும் 90-களிலும் ராக்காய், மசாக்கா பகுதிகளில் எய்ட்ஸ் ஒரு தலைமுறைப் பெற்றோரையே கொண்டுபோனபோது, பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர்கள் பாட்டிமார்கள். லுகாண்டா மொழியில் ‘ஜ்ஜாஜா’ என்பார்கள். நான்கைந்து பேரப்பிள்ளைகளோடு ஒரு ஜ்ஜாஜா, கொஞ்சம் வாழைத்தோட்டம், ஒன்றிரண்டு ஆடு. நீங்கள் உதவப்போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான்.

எனவே முதல் முடிவு: அநாதை இல்லங்களுக்குப் பணம் தராதீர்கள், வீடுகளுக்குத் தாருங்கள். இல்லம் கட்டினால் அதை நிரப்பப் பிள்ளைகள் வேண்டும். வறுமையில் இருக்கும் உறவினர், சாப்பாடும் படிப்பும் கிடைக்கிறதே என்று பிள்ளையை அனுப்பிவிடுவார். நன்கொடையே குடும்பத்தைப் பிரித்ததாக ஆகிவிடும். உறவினரிடம் வளர்வதற்கே முதலிடம் என்று ஐ.நா.வின் 2009-ஆம் ஆண்டு மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகள் சொல்கின்றன. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இதையே வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. இல்லங்களுக்காகப் பிள்ளைகளைத் திரட்டுவதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவம் என்று ஆஸ்திரேலியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. வீட்டில் அடி, பட்டினி, பாலியல் ஆபத்து என்றால் மட்டுமே வேறு இடம். அதையும் மாவட்டத்தின் நன்னடத்தை மற்றும் சமூகநல அலுவலர்தான் முடிவு செய்ய வேண்டும், நன்கொடையாளர் அல்ல.

தேர்வு

உள்ளூரில் நம்பகமான ஒருவர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். பதிவுபெற்ற அமைப்பு என்றால் இரண்டு காகிதங்களைக் கேளுங்கள்: தேசிய அளவில் பெற்ற செயல்பாட்டு அனுமதி, அந்த மாவட்ட நிர்வாகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம். 2016-ஆம் ஆண்டின் தொண்டு நிறுவனச் சட்டப்படி இரண்டும் தேவை. “மாவட்ட ஒப்பந்தம் வந்துகொண்டிருக்கிறது” என்ற பதில் வந்தால், அது கைக்கு வரும்வரை காத்திருங்கள்.

பிள்ளையின் நிலையை மூன்று தனி வழிகளில் உறுதி செய்யுங்கள். எல்.சி.-1 எனப்படும் கிராம மன்றத்தின் தலைவர் முத்திரையிட்டுத் தரும் கடிதம் முதலாவது. இந்த ஊரில், இன்னாரிடம் வளர்கிறது என்பதற்கு அதுவே அடிப்படைச் சான்று. தலைமையாசிரியர் தரும் வகுப்பு, வருகை விவரம் இரண்டாவது. மூன்றாவதாக யாராவது அந்த வீட்டுக்கு நேரில் போய், அக்கம்பக்கத்திலும் விசாரித்து வர வேண்டும். கடிதம் மட்டும் போதாது. சொந்தக்காரருக்காக எழுதித்தரும் தலைவர்களும் உண்டு.

மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டில் விளக்கில்லாமல், மதியம் சாப்பிடாமல், மாதத்தில் பத்து நாள் வகுப்புக்கு வராமல் இருந்த பிள்ளையின் மதிப்பெண் அதன் திறமையைக் காட்டாது. இன்னொரு தவறு அதிகம் நடக்கிறது: ஒரு வீட்டில் இறந்த மகளின் பிள்ளைக்கு மட்டும் புதுச் சீருடையும் புத்தகமும் வரும், அதே கூரையின் கீழ் வளரும் சித்தி பிள்ளைகளுக்கு எதுவும் வராது. சில மாதங்களில் வீட்டுக்குள் மனஸ்தாபம் வந்து, அந்தப் பிள்ளைக்கே வேலை அதிகமாகும். முழுக் கட்டணம் ஒருவருக்கு என்றாலும், நோட்டு, பேனா, சீருடை வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று வையுங்கள். அதனால் பட்ஜெட் அதிகம் ஏறாது.

‘இலவசக் கல்வி’ எங்கே நின்றுவிடுகிறது?

உகாண்டா 1997-இல் அனைவருக்கும் தொடக்கக் கல்வித் திட்டத்தையும், 2007-இல் இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் கொண்டுவந்தது. தொடக்கப் பள்ளி ஏழு வகுப்புகள், பி-1 முதல் பி-7 வரை. அடுத்து எஸ்-1 முதல் எஸ்-4 வரை நான்காண்டு, எஸ்-5, எஸ்-6 இரண்டாண்டு. திட்டத்தில் சேர்ந்த அரசுப் பள்ளியில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் 2008-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உணவு, உடை, மருத்துவம், போக்குவரத்து ஆகியவற்றைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் பொறுப்பில் விட்டிருக்கிறது. பிள்ளையை வெளியே தள்ளுவது பெரும்பாலும் இந்த வரிசைதான்: மதியச் சாப்பாட்டுக் காசு, சீருடை, மாதிரித் தேர்வுத் தாள் காசு, கட்டட நிதி. ஒவ்வொன்றும் சிறு தொகை. ஆனால் பாட்டியிடம் அன்றைக்கு அது இருக்காது.

இடைநிலையில், விடுதியோடு கூடிய பள்ளி என்றால் இன்னொரு பட்டியல் வரும்: மெத்தை, பூட்டோடு தகரப் பெட்டி, ஜெர்ரிகேன், துடைப்பம், கழிப்பறைத் தாள் சுருள்கள், வெள்ளைத்தாள் கட்டு, சோப்பு, சர்க்கரை, சில பள்ளிகளில் மண்வெட்டியும். இவற்றைக் கொண்டுவராத பிள்ளையை வாசலிலேயே நிறுத்துகிற பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டியாயிற்று என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது, பிள்ளை மெத்தை இல்லாததால் வீட்டில் உட்கார்ந்திருக்கும். பள்ளி அச்சிட்டுத் தரும் ‘தேவைப்பட்டியலை’ ஜனவரியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கணக்கு எப்படிப் போடுவது என்பதற்கு ஒரு மாதிரி. எண்கள் புரிவதற்காக மட்டுமே. உண்மைத் தொகையை அந்தந்தப் பள்ளியின் கட்டணச் சீட்டிலிருந்து எடுங்கள். வீட்டிலிருந்து போய்வரும் எஸ்-1 மாணவிக்குப் பருவக் கட்டணம் 2,50,000 ஷில்லிங், மதிய உணவு பருவத்துக்கு 60,000, ஆண்டுத் தொடக்கத்தில் சீருடை, காலணி, நோட்டு, கணிதப் பெட்டி, நாப்கின் எல்லாம் சேர்த்து 1,50,000, மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் ஆண்டுக்கு 70,000 என்று வைப்போம். மூன்று பருவத்துக்கு மொத்தம் 11,50,000. இதில் முதல் பருவத்தில் மட்டும் 4,60,000 வேண்டும், அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. மூன்றாகச் சமமாகப் பிரித்து அனுப்பும் குழுக்கள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் திண்டாடுவது இதனால்தான். பள்ளிகள் ஆண்டு நடுவிலும் கட்டணத்தை உயர்த்துவதுண்டு. மேலே பத்து விழுக்காடு சேர்த்து, 12,65,000 என்று திட்டமிடுங்கள்.

இப்போது அதை ஆண்டுகளால் பெருக்குங்கள். பி-5 படிக்கும் பிள்ளையை எடுத்தால் எஸ்-4 முடிய ஏழு ஆண்டு, 21 பருவம். எஸ்-6 வரை என்றால் 27 பருவம். நடுவில் கைவிடப்பட்ட பிள்ளையின் நிலை, எடுக்கப்படாத பிள்ளையின் நிலையைவிடச் சங்கடமானது. உதவி வருகிறது என்று நம்பித் தாய்மாமன் தன் கையை எடுத்திருப்பார். பிள்ளை கட்டணப் பள்ளிக்கு மாறியிருக்கும். கையில் எப்போதும் மூன்று பருவத்துக்கான தொகை, அதாவது ஓராண்டுப் பணம், தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இருக்கும் பிள்ளைகளுக்கு அது நிறையும்வரை புதுப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். இதில் இரக்கத்துக்கு இடம் கொடுத்துத்தான் நல்ல குழுக்களும் கவிழ்கின்றன.

பணம் போகும் வழி

மூன்று பருவங்கள்: பிப்ரவரி முதல் மே வரை, மே கடைசி அல்லது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, செப்டம்பர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை. தேதிகளைக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் அறிவிக்கும். பருவம் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே பணம் உகாண்டாவில் இருக்க வேண்டும். முதல் பருவத்துக்கு என்றால் ஜனவரி பத்துக்குள். அப்படியென்றால் உங்கள் பக்கத்தில் வசூல் நவம்பரிலேயே முடிய வேண்டும்.

கட்டணத்தைப் பள்ளிக்கு நேராகக் கட்டுங்கள். தலைமையாசிரியரின் சொந்தக் கைபேசி எண்ணுக்கு ஒருபோதும் வேண்டாம். பல பள்ளிகள் ஸ்கூல்பே போன்ற முறைகளில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கட்டண எண் வைத்திருக்கின்றன. அந்த எண்ணில் கட்டினால் பணம் அந்தப் பிள்ளையின் பெயரில்தான் வரவாகும். இல்லையென்றால் பள்ளியின் வங்கிக் கணக்கில் கட்டி, முத்திரையிட்ட ரசீதின் படத்தைக் கேளுங்கள். ரசீதில் பெயர், வகுப்பு, பருவம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பாக்கி இருந்தால் புதுப் பணத்தைப் பள்ளி அதில் கழித்துக்கொள்ளும், பிள்ளை மீண்டும் வீட்டுக்கு வரும். சேர்க்கும்போதே பாக்கி எவ்வளவு என்று கேட்டுத் தீர்த்துவிடுவது நல்லது.

வீட்டுச் செலவுக்கான தொகை எம்டிஎன் அல்லது ஏர்டெல் மொபைல் மணியில் போகும். எடுக்கும்போது நிறுவனக் கட்டணமும், அதற்கு மேல் அரசு வரி 0.5 விழுக்காடும் பிடிப்பார்கள். அதைக் கூட்டியே அனுப்புங்கள். சிம் அட்டை பாட்டியின் பெயரில் இருக்கிறதா, பக்கத்து வீட்டு இளைஞன் பெயரிலா என்று முதலிலேயே கேளுங்கள். பணம் வழியில் காணாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்தியாவிலிருந்து அனுப்புபவர்களுக்கு: தனிநபர் வெளிநாட்டுக்கு அன்பளிப்போ நன்கொடையோ அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமாற்றுத் திட்டம் இடம் தருகிறது. எல்லாக் காரணங்களும் சேர்த்து நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் உச்சவரம்பு. வெளிநாட்டு அமைப்புக்குத் தருவதற்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. பத்துக் குடும்பங்கள் தனித்தனியாகச் சிறு தொகை அனுப்பினால் வங்கிக் கட்டணமே தின்றுவிடும். பருவத்துக்கு ஒருமுறை ஒரே அனுப்பாகச் சேர்த்துச் செய்யுங்கள்.

தேர்வு ஆண்டுகளில் கவனம்

பி-7 முடிவில் தொடக்கக் கல்வி நிறைவுத் தேர்வு நவம்பரில் நடக்கும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று நான்கு பாடம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை தரம். 1 சிறந்தது. கூட்டுத்தொகை 4 என்பதே உச்சம், 12 வரை முதல் பிரிவு. நமக்குப் பழக்கப்பட்ட மதிப்பெண் கணக்குக்கு இது தலைகீழ். “36 வாங்கியிருக்கிறான்” என்று கேட்டுச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

தேசியத் தேர்வு வாரியமான யுனெப்பில் பெயர் பதிவு ஆண்டின் முற்பாதியிலேயே தொடங்கிவிடும். அரசின் இலவசத் திட்டத்தில் படிப்பவர்களுக்குப் பதிவுக் கட்டணத்தை அரசு கட்டும், தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான். கட்டணத்தை வாங்கிக்கொண்டு பதிவே செய்யாத பள்ளிகளால் தேர்வன்று வாசலில் நின்று அழும் பிள்ளைகள் உண்டு. பணம் கட்டிய ரசீதோடு நிற்காமல், பிள்ளையின் தேர்வு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் வந்திருந்தால்தான் பதிவு ஆகியிருக்கிறது. அதே வேளையில் பெயரின் எழுத்தையும் சரிபாருங்கள். பெற்றோர் இறந்தபின் உறவினர் வீட்டுக்கு வந்த பிள்ளைக்குப் பெயர் மாறியிருப்பது சகஜம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் மாமன் பெயரோடு இன்னொன்று. இந்தத் தேர்வில் பதிவான பெயர்தான் பின்னால் எல்லாச் சான்றிதழிலும் தொடரும். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், அடையாளப் பதிவு ஆணையமான நிராவிடம் பி-6-இலேயே எடுத்துவிடுங்கள்.

முடிவுகள் பெரும்பாலும் ஜனவரியில் வரும். எஸ்-1 சேர்க்கை அடுத்த சில வாரங்களில். அந்த இடைவெளியில்தான் ஏழைப் பிள்ளைகள் அதிகம் உதிர்கிறார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். எந்தப் பள்ளி, எவ்வளவு, எப்படிப் போய்வருவது என்று முந்தின செப்டம்பரிலேயே பேசி முடித்திருங்கள்.

இடைநிலையில் 2020 முதல் புதிய பாடத்திட்டம். எஸ்-4 முடிவில் வரும் தேர்வில் 20 விழுக்காடு பள்ளியிலேயே தொடர் மதிப்பீடாகப் போடப்படுகிறது. கட்டணத்துக்காக ஒரு பருவத்தில் மூன்று வாரம் வீட்டில் இருந்த பிள்ளை அந்த மதிப்பெண்ணையும் இழக்கிறது. பின்னால் விழுந்து விழுந்து படித்தாலும் அது திரும்ப வராது. தாமதமாகக் கட்டுவதை இனி சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எஸ்-4-க்குப் பிறகு எல்லோரும் எஸ்-5 போக வேண்டும் என்றில்லை. தச்சு, கட்டுமானம், மின்சாரம், தையல், செவிலியர் பயிற்சி போன்ற இரண்டு, மூன்றாண்டுப் படிப்புகள், பாட்டிக்கு வயதாகிவிட்ட வீட்டில் சீக்கிரம் சம்பாத்தியம் தரும். பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பல்கலைக்கழகம் என்றால் 2014 முதல் அரசின் உயர்கல்விக் கடன் வாரியம் இருக்கிறது. முழுச் செலவையும் குழுவே சுமக்காமல் அதற்கும் விண்ணப்பிக்க வையுங்கள்.

வீட்டையும் சேர்த்துத் தூக்குங்கள்

மசாக்கா, ராக்காய் பகுதிகளில் ஆராய்ச்சியாளர் ஃப்ரெட் செவமாலா குழுவினர் ‘சூபி’ என்ற திட்டத்தை நடத்தினார்கள். லுகாண்டாவில் நம்பிக்கை என்று பொருள். எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளை பெயரில், பாதுகாவலரும் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு. குடும்பம் ஒரு ஷில்லிங் போட்டால் திட்டம் இரண்டு போடும். பணம் படிப்புக்கும் சிறு தொழிலுக்கும். மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களும் சேமித்தன, பிள்ளைகளின் படிப்பும் மனநலமும் மேம்பட்டன. சிறிய குழுவும் இதைச் செய்யலாம். பாட்டி மாதம் 5,000 போட்டால் நீங்கள் 10,000 போடுங்கள், ஆண்டு முடிவில் 1,80,000. கிராமச் சேமிப்புக் குழுவில் பாட்டி ஏற்கெனவே இருந்தால் இன்னும் எளிது. குடும்பத்தின் கை அதில் இருப்பதால் பிள்ளையின் படிப்பு அவர்கள் முடிவாகவே இருக்கும்.

பாட்டிக்கு 80 வயது கடந்திருந்தால் மாதம் 25,000 ஷில்லிங் முதியோர் உதவித்தொகைக்கு உரிமை உண்டு. தேசிய அடையாள அட்டையில் வயது குறைவாகப் பதிந்திருப்பதால் பலருக்கு இது கிடைப்பதில்லை. திருத்துவதற்குப் பாட்டியோடு ஒருவரைத் துணைக்கு அனுப்புவது, ஒருமுறை செய்யும் உதவி, ஆண்டுகணக்கில் பலன்.

நிலத்தையும் விசாரியுங்கள். தந்தை இறந்ததும் சித்தப்பா பெரியப்பாக்கள் நிலத்தை எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் 75 விழுக்காடு பிள்ளைகளுக்கு என்பது சட்டம். 2022 திருத்தத்திலும் அது அப்படியே இருக்கிறது. நன்னடத்தை அலுவலர், எல்.சி. தலைவர், இலவசச் சட்ட உதவி அமைப்பு என்ற வரிசையில் போகலாம். நன்கொடையாளர் நேரடியாக இந்தச் சண்டையில் தலையிட்டால் பாட்டிக்குத்தான் ஆபத்து.

பிள்ளையின் மானம்

படமும் கதையும் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். பருவத்துக்கு ஒருமுறை மதிப்பெண் அட்டை, வருகை நாட்கள், ஒரு சிறு குறிப்பு போதும். பெயரையும் ஊரையும் பள்ளியையும் சேர்த்து எங்கும் வெளியிடாதீர்கள். சில பிள்ளைகள் எச்.ஐ.வி.யோடு பிறந்தவர்கள். மருந்து இலவசமாகக் கிடைக்கும், ஆனால் மாத்திரை வாங்கப் போய்வரும் செலவும், அன்றைக்கு வகுப்பு தவறுவதும் உண்டு. அந்தப் போக்குவரத்துச் செலவைப் பட்ஜெட்டில் ‘மருத்துவம்’ என்று மட்டும் எழுதுங்கள். காரணம் எந்தக் கடிதத்திலும் வரக்கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் செலவு தனி வரியாகவே இருக்கட்டும். துவைத்துப் பயன்படுத்தும் நாப்கின் அங்கேயே தயாராகிறது. கர்ப்பமான மாணவியைப் பலரும் ‘முடிந்துவிட்டது’ என்று விட்டுவிடுகிறார்கள். பிரசவத்துக்குப்பின் பள்ளிக்குத் திரும்ப அவருக்கு உரிமை உண்டு. 2020-இல் திருத்திய அரசு வழிகாட்டுதலே அதைச் சொல்கிறது. அவருடைய இடத்தையும் பணத்தையும் ஓராண்டு அப்படியே காத்துவையுங்கள். முதல் வகுப்பிலிருந்தே உங்களோடு இருந்த பிள்ளையை, அவருக்கு மிகவும் தேவைப்படும் ஆண்டில் பட்டியலிலிருந்து எடுப்பது மன்னிக்க முடியாதது.

அடி, துன்புறுத்தல் பற்றித் தகவல் வந்தால் உகாண்டாவின் இலவசக் குழந்தைகள் உதவி எண் 116. பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே பிள்ளைக்கும் பாட்டிக்கும் அதை எழுதிக் கொடுங்கள். உங்கள் உள்ளூர்க்காரர் மேலேயே புகார் இருக்கலாம் என்பதால், அவர் வழியாக இல்லாமல் உங்களை எட்ட ஒரு எண்ணும் வேண்டும்.

குழுவால் தொடர முடியாமல் போனால், பள்ளிக்கும் குடும்பத்துக்கும் மூன்று பருவம் முன்பே சொல்லுங்கள். பி-7, எஸ்-4 படிப்பவர்களின் தேர்வுப் பணத்தை முதலில் ஒதுக்குங்கள். மீதமுள்ள பிள்ளைகளை அவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அரசுத் திட்டப் பள்ளிக்கு ஆண்டின் நடுவில் அல்லாமல் பிப்ரவரியில் மாற்றுங்கள். மாற்றுச் சான்றிதழுக்கு முன்பாக்கி இருக்கக்கூடாது, அதற்கான தொகையை அந்த ஓராண்டுக் கையிருப்பிலிருந்து எடுக்கலாம்.